கதைக் கலத்துக்கு எந்த உந்துமுறை? ஒளிப்பாய், இணைவு, எதிர்ப்பொருள்: ஓர் ஒப்பீடு

விண்மீன்களுக்குப் போகும் கலம் ஒன்றைக் கதைக்காகவோ, படத்துக்காகவோ, பள்ளிக் கண்காட்சிக்காகவோ வடிவமைக்க உட்காருகிற எவரும் முதல் நாளே மாட்டிக்கொள்ளும் கேள்வி, அதைத் தள்ளப்போவது எது என்பதுதான். பெரும்பாலானவர்கள் வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எது வேகமோ அதுவே சிறந்தது என்று முடிவு கட்டிவிட்டு, பிறகு பத்தாவது அத்தியாயத்தில் விழி பிதுங்குகிறார்கள். இந்தக் குழப்பத்தோடு எங்களிடம் வருகிறவர்கள் அதிகமாகிவிட்டதால், நாங்கள் போட்ட கணக்குகளை இங்கே கொட்டுகிறேன்.

நாங்கள் என்றால் பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்து அறிவியல் புனைகதைப் பைத்தியங்கள் சிலர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் கூட்டாக எழுதும் தொடர்கதை எங்களுடையது. கலத்தின் பெயர் 'வாடை'. 300 பேர் பயணிக்கிறார்கள். எரிபொருள் இல்லாமல் அதன் நிறை 10,000 டன். போகுமிடம் 4.24 ஒளியாண்டு தொலைவில் உள்ள பிராக்சிமா செண்டாரி. அதைச் சுற்றும் கோள் ஒன்றை 2016இல் கண்டுபிடித்தார்கள். அங்கே ஓர் ஆண்டு என்பது நம்முடைய 11 நாள் சொச்சம். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த வாடைக்காகப் போட்டவை. உங்கள் கலம் பெரிதோ சிறிதோ, விகிதம் மாறாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோலைக் கொடுத்தவர் எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஓர் ஓடாவி. நாற்பது அடி, ஐம்பது அடிப் படகுகள் கட்டிய கை. ஒளியின் வேகத்தில் எத்தனை சதவீதம் என்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, "போவது இருக்கட்டும் தம்பி, கரை பிடிப்பது எப்படி?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. விண்வெளியில் உராய்வு கிடையாது. எவ்வளவு செலவழித்து வேகம் எடுத்தோமோ அவ்வளவையும் செலவழித்துத்தான் நிற்க வேண்டும். அதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. 1903இல் சியால்கோவ்ஸ்கி வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின்படி நிறை விகிதம், அதாவது புறப்படும்போதுள்ள மொத்த நிறை எரிபொருள் இல்லாத கலத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது, பெருக்கலில் ஏறுகிறது. வேகம் எடுக்க மட்டும் கலத்தைப் போல் 10 மடங்கு நிறையோடு புறப்பட வேண்டும் என்றால், வேகம் எடுத்து நிற்கவும் வேண்டுமென்றால் 100 மடங்கோடு புறப்பட வேண்டும். நிற்பதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டுதானே வேகம் எடுக்கிறோம்?

இரண்டாவது, சூடு. கதை எழுதுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டும் இடம் இதுதான். வெற்றிடத்தில் சூட்டை அள்ளிக்கொண்டு போகக் காற்றும் இல்லை, நீரும் இல்லை. தகடுகளை விரித்து அகச்சிவப்பு ஒளியாக வீசி எறிவது ஒன்றே வழி. சர்வதேச விண்வெளி நிலையம் அம்மோனியாவைக் குழாய்களில் ஓடவிட்டு, வெள்ளைத் தகடுகள் வழியாகச் சுமார் 70 கிலோவாட் சூட்டை வெளியே தள்ளுகிறது. அந்த எளிய காரியத்துக்கே அத்தனை பெரிய தகடுகள். திரையில் வரும் கலங்களில் அவற்றைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் கதையில் வரும் டிஸ்கவரி கலத்துக்கு, 1968இல் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கான முதல் வரைபடங்களில் வெப்பத் தகடுகள் இருந்தன. பார்க்கிறவர்கள் இறக்கை என்று நினைத்துவிடுவார்கள் என்று எடுத்துவிட்டார்கள். அன்று தொடங்கிய வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

தகடு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வெப்பநிலை இரட்டித்தால் வீசும் ஆற்றல் 16 மடங்கு. கீழே எல்லா இடத்திலும் தகடுகள் 1,500 கெல்வினில் செம்மஞ்சளாகத் தகதகக்கின்றன, இரண்டு பக்கமும் வீசுகின்றன, இயந்திரத்தின் ஆற்றலில் 1 சதவீதம் மட்டுமே கலத்தில் தங்குகிறது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இது தாராளமான அனுமானம். உண்மையில் இன்னும் மோசமாகவே இருக்கும்.

மூன்றாவது, உள்ளே இருப்பவர்களின் எடை. எடையற்ற நிலையில் இடுப்பு, தொடை எலும்புகள் மாதம் ஒரு சதவீதத்துக்கு மேல் தேய்கின்றன. சில மாதம் என்றால் உடற்பயிற்சியால் சமாளிக்கலாம். தலைமுறை என்றால் முடியாது. நான்காவது, நடுவழியில் பழுதானால் யார், எதை வைத்துச் சரிசெய்வது. ஐந்தாவது கதைக்கு உரியது: அந்த உந்துமுறை உங்களை எந்த மாதிரிக் கதை எழுத வைக்கும்?

## ஒளிப்பாய்

எரிபொருளே வேண்டாம். பூமியின் பக்கத்தில் லேசர் நிலையம். கலத்தில் மெல்லிய பாய். ஒளி பட்டுத் திரும்பும்போது தள்ளும். இது கற்பனை இல்லை. 2010இல் ஜப்பானின் இக்காரோஸ் விண்கலம் 14 மீட்டர் பக்கமுள்ள பாயை விரித்துச் சூரிய ஒளியாலேயே உந்தப்பட்டுக் காட்டியது. 2016இல் அறிவித்த பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் திட்டம், சில கிராம் எடையுள்ள கருவியை 100 கிகாவாட் லேசரால் ஒளிவேகத்தில் 20 சதவீதத்துக்குத் தள்ளலாம் என்றது.

அந்தச் 'சில கிராம்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒளியின் தள்ளு அவ்வளவு சோப்ளாங்கி. 150 மெகாவாட் கொடுத்தால் ஒரு நியூட்டன் கிடைக்கும். நம் மாவட்டத்துக் கமுதி சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். அது முழுவதையும் ஒரு பொட்டு வீணாக்காமல் ஒளியாக்கிப் பாயில் அடித்தால் கிடைப்பது 4.3 நியூட்டன். அரைக் கிலோ சூடை மீனைக் கையில் வைத்தால் உணரும் பாரம்கூட வராது. 10,000 டன் வாடையைப் புவியீர்ப்பில் நூறில் ஒரு பங்கு முடுக்கத்தில் தள்ள 147 டெராவாட் வேண்டும். ஒரு டெராவாட் என்பது லட்சம் கோடி வாட். இந்தியாவின் மொத்த மின் நிறுவு திறனே அரை டெராவாட் சுமார்தான். அந்த 147 டெராவாட் லேசர் ஐந்து ஆண்டு விடாமல் எரிந்தால், ஒளிவேகத்தில் 5 சதவீதம் வரும்.

சூட்டுக் கணக்கில் பாய்க்கு நல்ல மதிப்பெண். இயந்திரம் ஊரிலேயே இருப்பதால் அதன் சூடும் ஊரிலேயே இருக்கிறது. பழுதானால் ஊரிலேயே சரிசெய்யலாம். மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டார்ஷாட் கருவிகள் நிற்கவே நிற்காது, பாய்ந்து கடந்துவிடும். மனிதர்கள் போகிற கலம் நிற்க வேண்டும். ராபர்ட் ஃபார்வர்டு 1984இல் ஒரு வழி சொன்னார். சேருமிடம் நெருங்கும்போது பாயின் வெளிவட்டம் தனியே கழன்று முன்னால் போக வேண்டும். அதில் பட்டுத் திரும்பும் லேசர், உள்வட்டத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்து நிறுத்தும். ஒளி சிதறாமல் அவ்வளவு தூரம் போக 1,000 கிலோமீட்டர் விட்டமுள்ள வில்லையையும் அவர் கணக்கில் சேர்த்திருந்தார்.

வடிவமைப்பு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வாடையின் மொத்தப் பயணம் சுமார் 90 ஆண்டு. நிறுத்துகிற ஒளி வழியில் நாலு ஆண்டு பயணம் செய்ய வேண்டும் என்பதால், கலம் புறப்பட்டு 80 ஆண்டு கழித்து ஊரில் யாரோ ஒருவர் மறக்காமல் விசையைப் போட வேண்டும். புறப்பட்டதைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஆட்சி மாறியிருக்கும், நிதி ஒதுக்கீடு குறைந்திருக்கும், கோப்பு எங்கே என்று தேடுவார்கள். கடல் அரிப்பைத் தடுக்கும் ஒரு தூண்டில் வளைவுக்கு அடிக்கல் நாட்டி அது எழும்பும் வரை காத்திருந்த எந்தக் கடற்கரைக்காரரும் இந்த இடத்தில் சிரிப்பார்.

இந்தக் கலத்துக்கு இது பெரிய குறை. கதைக்கோ பெரிய வரம். கலத்தின் உயிர் கலத்தில் இல்லாத மனிதர்களின் கையில் இருக்கிறது என்பதைவிட நல்ல கதைமுடிச்சு இந்தப் பட்டியலில் வேறு எதிலும் இல்லை.

## அணுக்கரு இணைவு

லேசான அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து, சூரியன் எரிகிற விதத்தில் ஆற்றல் எடுப்பது இது. இங்கே ஏற்கெனவே ஒரு முழு வடிவமைப்பு இருப்பதால் கையில் பிடிக்க ஏதோ இருக்கிறது. 1973 முதல் 1978 வரை பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டியைச் சேர்ந்தவர்கள் 'டீடலஸ்' என்ற ஆளில்லாக் கலத்தைத் தாளில் கட்டினார்கள். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்), ஹீலியம்-3 (லேசான ஹீலியம்) கலந்த சிறு உருண்டைகளை நொடிக்கு 250 வீதம் வெடிக்க வைத்து, ஒளிவேகத்தில் 12 சதவீதம். பார்னார்டு விண்மீனுக்கு அரை நூற்றாண்டுப் பயணம். மொத்தம் 54,000 டன், அதில் 50,000 டன் எரிபொருள். அதுவும் நிற்காது. ஓடாவி கேட்ட கேள்விக்கு டீடலஸிலும் பதில் இல்லை.

வாடைக்கும் அதே தர இயந்திரம், அதாவது வெளியேற்ற வேகம் நொடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கணக்கு சுவாரசியமாகிறது. ஒளிவேகத்தில் 10 சதவீதம் போய் நிற்க நிறை விகிதம் 400. அதாவது 10,000 டன் கலத்துக்கு 40 லட்சம் டன் எரிபொருள். 5 சதவீதம் போய் நிற்க நிறை விகிதம் 20. எரிபொருள் 1.9 லட்சம் டன். முன்னதில் பயணம் 52 ஆண்டு, பின்னதில் 90. முப்பத்தெட்டு ஆண்டை மிச்சம் பிடிக்க இருபது மடங்குக்கு மேல் எரிபொருள்! எங்கள் கூட்டத்தில் வேகப் பித்துப் பிடித்திருந்த பாதிப் பேர் இந்த வரியோடு அடங்கினார்கள். 52 ஆண்டும் ஒரு வாழ்நாள்தான், 90 ஆண்டும் ஒரு வாழ்நாள்தான். ஏறியவர்கள் இறங்கப்போவதில்லை என்றான பிறகு, எதற்கு அவசரம்?

சூடு: பாய்க்குச் சொன்ன அதே நூறில் ஒரு பங்கு முடுக்கத்தில், புறப்படும்போது இயந்திரத்தின் திறன் 100 டெராவாட். அதில் 1 சதவீதம் ஒரு டெராவாட், இந்தியாவின் நிறுவு திறனைப்போல் இரண்டு மடங்கு. அதை வீச 1.7 சதுர கிலோமீட்டர் தகடு வேண்டும். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்று மெல்லிதாகச் செய்தால் 1,700 டன். கலத்தின் நிறையில் ஆறில் ஒரு பங்கு. வலிக்கும், ஆனால் தாங்கும். 'முடியாது' என்று ஆகாமல் 'விலை அதிகம்' என்ற இடத்தில் நிற்பது, எங்கள் பட்டியலில் இது ஒன்றுதான்.

நிற்பதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. 1960இல் ராபர்ட் பஸ்ஸார்டு, விண்மீன்களுக்கு இடையே இருக்கும் ஹைட்ரஜனைக் காந்தப் புனலால் அள்ளி அதையே எரித்துக்கொண்டு போகலாம் என்றார். பிறகு கணக்குப் போட்டவர்கள், அள்ளும்போது உண்டாகும் இழுவையே தள்ளுவிசையை விழுங்கிவிடும் என்று கண்டார்கள். இழுக்கிறது என்றால் நிறுத்தப் பயன்படுத்தலாமே என்று ஜுப்ரினும் ஆண்ட்ரூஸும் திருப்பிப் போட்டதுதான் காந்தப்பாய். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு, மின்தடையே இல்லாத மீக்கடத்திக் கம்பியை வளையமாக விரித்து மின்னோட்டம் விட்டால், எதிரே வரும் துகள்கள் அதன் புலத்தில் மோதிக் கலத்தின் வேகத்தைத் தின்னும். இதை நம்பினால் வாடைக்கு வேகம் எடுக்க மட்டும் எரிபொருள் போதும், 35,000 டன் அளவில். வேகம் குறையக் குறையக் காந்தப்பாயின் பிடியும் தளரும் என்பதால் கடைசிக் கட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எரிபொருள் எங்கிருந்து என்பது மறைமுகச் செலவு. டியூட்டீரியம் கடலிலேயே இருக்கிறது, ஒரு டன் நீரில் சுமார் 33 கிராம். ஹீலியம்-3 பூமியில் இல்லை என்றே சொல்லலாம். டீடலஸ்காரர்கள் வியாழனின் வளிமண்டலத்தில் பலூன் ஆலைகளை மிதக்கவிட்டு எடுக்க நினைத்தார்கள். அதாவது உங்கள் கதையில் இந்தக் கலம் இருக்கிறது என்றால், அதற்கு முன்பே வியாழன்வரை ஒரு நாகரிகம் பரவியிருக்க வேண்டும். ஹீலியம்-3 வேண்டாம், ஹைட்ரஜனின் இன்னொரு கனமான வகையான டிரிட்டியம் போதும் என்று சுருக்கினால், ஆற்றலில் 80 சதவீதம் நியூட்ரான்களாகப் போகும். காந்தத்தால் அவற்றைத் திருப்ப முடியாது. 1 சதவீதச் சூடு என்ற அனுமானம் அன்றைக்கே செத்தது.

இனி எடை. நூறில் ஒரு பங்கு முடுக்கம் காலைத் தரையில் நிறுத்தப் போதாது. பத்து ஆண்டு போக மீதி 80 ஆண்டும் இயந்திரம் அணைந்தே இருக்கும். எனவே சுழற்ற வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்பது பெரும்பாலானவர்கள் தலைசுற்றாமல் பழகிக்கொள்ளும் வேகம் என்று கருதுகிறார்கள். அந்த வேகத்தில் முழுப் புவி எடை கிடைக்க ஆரம் 224 மீட்டர் வேண்டும். சுற்றளவு 1.4 கிலோமீட்டர். பாம்பன் ரயில் பாலத்தில் மூன்றில் இரண்டு பங்கை வட்டமாக வளைத்தால் வரும் அளவு. அதன் விளிம்பு மணிக்கு 170 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்.

பழக்கதோஷத்தில் எல்லோரும் என்ன வரைகிறார்கள்? அசையாத நடுத்தண்டு, அதைச் சுற்றிச் சுழலும் வளையம். எங்கள் முதல் படமும் அதுதான். விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அந்தப் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, வளையமும் தண்டும் சேரும் இடத்தில் விரலை வைத்தார். "இங்கே ஒழுகும்." படகின் பின்பக்கம் ஸ்டெர்ன் டியூபுக்குள் சுழலும் தண்டு வெளியே போகும் இடத்தில் கிரீஸ் தடவிய பேக்கிங் கயிற்றைச் சுற்றிச் சுற்றித் திணித்து இறுக்குவார்கள். அதிகம் இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். தளர்த்தினால் தண்ணீர் வரும். ஆகவே சொட்டுச் சொட்டாக விழுகிற அளவில் விட்டுவிட்டு, அடியில் சேரும் நீரை அவ்வப்போது இறைத்துவிடுவார்கள். அதையும் ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றி மாற்ற வேண்டும். காற்று அடைத்த வளையம் 90 ஆண்டு சுழலும்போது அந்த மூட்டு வழியாகப் போகிற காற்றை எங்கிருந்து இறைப்பது?

அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு முழுக் கலத்தையும் சுழற்றிவிட்டோம். மூட்டே இல்லை. இயந்திரம் சுழல் அச்சில் இருப்பதால் அதற்குத் தொந்தரவில்லை. பெரிய தகடுகள் சுழற்சியிலேயே விறைத்து நிற்கும். 300 பேருக்கு முழு வளையமும் தேவையில்லை, நீண்ட கைகளின் நுனியில் நாலு குடியிருப்புகள் போதும். கயிறு கட்டிச் சுழற்றி எடை வரவைக்கலாம் என்பதை 1966இலேயே ஜெமினி 11 செய்து பார்த்துவிட்டது, மிகச் சிறிய அளவில். இதற்கும் விலை உண்டு. சுழலும் பெருநிறையைத் திருப்புவது லேசல்ல. பாதி வழியில் கலம் தலைகீழாகத் திரும்பி இயந்திரத்தை முன்னால் காட்ட வேண்டும். அதற்கு முன் சுழற்சியை நிறுத்த வேண்டும். சில வாரம் எல்லோரும் மிதப்பார்கள். சமையலறையிலிருந்து கழிவறைவரை எல்லாவற்றையும் இரண்டு நிலைக்கும் ஏற்றபடி கட்ட வேண்டும். ஓர் அத்தியாயத்துக்குத் தாராளமாகத் தீனி இருக்கிறது.

## எதிர்ப்பொருள்

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். சாதாரணப் பொருளைத் தொட்டால் இரண்டும் அழிந்து ஆற்றலாகிவிடும் பொருள் இது. புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் பாதி வழி வேகம் எடுத்து, மீதி வழி திரும்பி நின்று குறைத்தால், பிராக்சிமாவுக்குக் கலத்தில் இருப்பவர்களின் கடிகாரப்படி மூன்றரை ஆண்டு. ஊரில் கிட்டத்தட்ட ஆறு ஆண்டு. உச்ச வேகம் ஒளியில் 95 சதவீதம். சுழற்ற வேண்டாம், முடுக்கமே எடையைக் கொடுத்துவிடும். தளங்களை அடுக்குமாடிபோலக் கட்டலாம். நிற்கவும் நிற்கும். முதல், மூன்றாம் அளவுகோல்களில் முழு மதிப்பெண்.

எரிபொருளுக்கு வருவோம். எல்லாமே ஒளியாக மாறிப் பின்னால் போகிறது என்ற கனவு இயந்திரத்துக்கே நிறை விகிதம் 39. வாடைக்கு 3.8 லட்சம் டன், அதில் பாதி எதிர்ப்பொருள். மனிதகுலம் இதுவரை செய்தது எல்லாம் சேர்த்து நானோகிராம் கணக்கில் நிற்கிறது. ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு சேர்ந்தால் 43 கிலோடன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமான வெடி. இதைக் காந்தச் சிறையில் டன் கணக்கில் அடைத்துக்கொண்டு, அதன்மேல் 300 பேர் குடியிருக்கிறார்கள்.

இதையும் கதைதானே என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாதது சூடு. புறப்படும் நேரத்தில் இயந்திரத்தின் திறன் 11 லட்சம் டெராவாட். பூமியின் மேல் விழும் மொத்தச் சூரிய ஒளியைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். 1 சதவீதம் கலத்தில் தங்கினால் அதை வீச 20,000 சதுர கிலோமீட்டர் தகடு வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் 4,000க்குச் சற்று மேல். ஐந்து மாவட்டப் பரப்புக்குத் தகதகக்கும் தகடு! சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்றாலும் 2 கோடி டன். கலமோ 10,000 டன். தகட்டையும் தள்ள வேண்டும் என்றால் எரிபொருள் ஏறும், எரிபொருள் ஏறினால் திறன் ஏறும், திறன் ஏறினால் தகடு ஏறும். கணக்கு முடிவதே இல்லை. எதிர்ப்புரோட்டான் எரியும்போது ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சுமார் காமாக் கதிர்களாகக் கண்ட திசையிலும் தெறிக்கும் என்பதால் 1 சதவீதம் என்பதே நாங்கள் போட்ட பிச்சை.

பழுதுபார்ப்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பழுதானால் பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள். போதாததற்கு அந்த வேகத்தில் எதிரே வரும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் காஸ்மிக் கதிராகத் தைக்கும்.

முடுக்கத்தைக் குறைத்தால் தேறுமா என்று கேட்ட கீழக்கரை மாணவர்களுக்கு: தேறும். நூறில் ஒரு பங்காக்கினால் உச்ச வேகமும் எரிபொருளும் சேர்ந்து குறைவதால், திறனும் சூடும் நூறில் ஒன்றுக்கும் கீழே போகும். ஆனால் அப்போது எடைக்குச் சுழற்ற வேண்டும், பயணம் பல மடங்கு நீளும், அதாவது இணைவுக் கலத்தின் எல்லாத் தொல்லைகளும் வந்துவிடும், கூடவே 43 கிலோடன் தொல்லையும்.

## ஒளியை மிஞ்சும் கலம்

1994இல் அல்குபியேர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, வெளியையே சுருக்கி விரிக்கும் கலத்துக்குச் சமன்பாடாவது இருக்கிறது. எதிர்மறை ஆற்றல் வேண்டும் என்பது சிக்கல். ஒளியை மிஞ்சினால் புறப்பட்டதற்கு முன்பே போய்ச் சேரும் குழப்பம் அதைவிடப் பெரிய சிக்கல். பயணம் உங்கள் கதைக்கு முக்கியமில்லை, போய்ச் சேர்ந்த இடம்தான் முக்கியம் என்றால் தயங்காமல் இதை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கம் மட்டும் கொடுக்காதீர்கள். விளக்கிய வரியில்தான் வாசகர் பிடிப்பார்.

## பக்கம் பக்கமாக

| | ஒளிப்பாய் | இணைவு | எதிர்ப்பொருள் |
|---|---|---|---|
| பயணம் | 90 ஆண்டு | 90 ஆண்டு | கலத்தில் 3.5, ஊரில் 5.9 ஆண்டு |
| எரிபொருள் | கலத்தில் இல்லை. ஊரில் 147 டெராவாட் லேசர் | 1.9 லட்சம் டன். காந்தப்பாய் இருந்தால் 35,000 டன் அளவு | 3.8 லட்சம் டன் |
| நிற்பது | ஊராரின் தயவில் | இயந்திரம் அல்லது காந்தப்பாய் | இயந்திரம் |
| வெப்பத் தகடு | மிகக் குறைவு | 1.7 ச.கி.மீ. | 20,000 ச.கி.மீ. |
| எடை | சுழற்ற வேண்டும் | சுழற்ற வேண்டும் | தானே வரும் |
| பழுது | ஊரில் சரிசெய்யலாம் | உள்ளேயே பட்டறை வேண்டும் | வாய்ப்பில்லை |

## யாருக்கு எது

சிறுகதை என்றால், அல்லது கலத்தில் ஆளே இல்லை என்றால், ஒளிப்பாய். பத்துப் பக்கத்துக்குள் ஊரையும் கலத்தையும் இணைக்கிற ஒரே உந்துமுறை அது. கட்சி, நிர்வாகம், பணம் எனத் தரையில் நடக்கும் கதை உங்கள் கைவசம் இருந்தால் நாவலுக்கும் தாங்கும்.

குடும்பக் கதை, தலைமுறைக் கதை, கலத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்து கல்யாணம் நடக்கும் கதை என்றால் இணைவு. கதை சூரியக் குடும்பத்துக்குள்ளேயே நடந்தாலும் இதுதான். நூறில் ஒரு பங்கு முடுக்கம் சின்னதாகத் தெரியலாம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை அது நாலே வாரத்தில் கடந்து நிறுத்திக் காட்டும். அதற்கு 1.9 லட்சம் டன்னும் வேண்டாம்.

எதிர்ப்பொருளை நான் பரிந்துரைப்பது ஒரே சூழலில்தான். போனவர் உயிரோடு திரும்பி வந்து, தன்னைவிட வயதில் மூத்துவிட்ட தம்பியைப் பார்க்க வேண்டும் என்ற கதை. அதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வேகம் வேண்டும், வேறு வழியில்லை. அப்படியானால் தகடுகளைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

எங்கள் வாடை 5 சதவீத வேகத்தில், இணைவு இயந்திரமும் காந்தப்பாயுமாக, முழுக்கலமும் சுழல்வதாக முடிவாகியிருக்கிறது. காந்தப்பாய் கைகொடுக்காமல் போனால் என்று ஓடாவி கேட்டதால் 1.9 லட்சம் டன் எரிபொருளையும் வைத்திருக்கிறோம். ஒளிப்பாய்க் கட்சிக்காரர்கள் இருவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் ஊரில் லேசர் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களை வைத்துத் தனிக் கதை தொடங்கிவிட்டார்கள். நன்றாகவே போகிறது என்று கேள்வி.

கண்காட்சிக்கு இணைவுக் கலத்தின் மாதிரி செய்கிறவர்கள் ஆயிரத்தில் ஒன்று அளவில் செய்வது வசதி. சுழலும் கைகள் 22 சென்டிமீட்டர். எரிபொருள் முழுவதையும் ஒரே உருண்டையில் அடைத்தால் 16 சென்டிமீட்டர் பந்து. குடியிருப்புகளுக்குத் தீப்பெட்டி போதும். தகடுகளைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அந்த அளவில் அவை 1.7 சதுர மீட்டர் வரும். முழு சார்ட் தாள் நாலுக்கு மேல், வெட்டும்போது வீணாவதையும் சேர்த்து ஐந்தாக வாங்கிவிடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் கிடைத்தால் பெயிண்ட் செலவு மிச்சம்.